வெட்டிய பதினொரு நிமிடம்

காய்ச்சல் வந்தாலும் சரி, ஆபீஸில் திட்டு வாங்கினாலும் சரி, என் தங்கை அந்தப் படத்தைத்தான் போடுவாள். நாற்பது தடவையாவது பார்த்திருப்பாள். அதில் கதாநாயகனின் அக்காவாக நான் நான்கு விநாடி வருவேன். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவேன்.

உண்மையில் எனக்குப் பதினொரு நிமிடக் காட்சி இருந்தது. தப்பு செய்த தம்பியை நிற்க வைத்து நான் கேள்வி கேட்பேன். அவன் என் காலில் விழுந்து அழுவான். "நான் கால்ல விழுந்தா ரசிகன் எழுந்து போயிடுவான்" என்று ஹீரோ அடம்பிடித்து அதை வெட்ட வைத்தான். அதோடு விட்டிருக்கலாம். "அந்தப் பொண்ணுக்கு நடிப்பே வரலை, அதான் தூக்கிட்டோம்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிவைத்தான். அப்புறம் எந்தக் கம்பெனியும் என்னைக் கூப்பிடவில்லை. யார் யாருக்கோ குரல் கொடுத்துப் பிழைத்தேன். இப்போது சொந்தமாக ஒரு டப்பிங் தியேட்டர் இருக்கிறது.

இருபது வருஷம் கழித்து டைரக்டர் போன் செய்தார்.

"படத்தை முழு நீளத்துல மறுபடி விடறோம்மா. உன் சீன் அப்படியே வருது. ஆனா குரல் இல்லை."

வெட்டிப் போட்ட காட்சிக்கு யார் டப்பிங் பேசி வைப்பார்கள்? நானும் பேச வேண்டும், அவனும் பேச வேண்டும்.

"பேசறேன் சார். ஆனா என் தியேட்டர்லதான். அவர் நேர்ல வரணும்."

வந்தான். வரிசையாக ஆறு படம் ஊத்திக்கொண்ட முகம். "என்னம்மா, சௌக்கியமா? சட்டுனு முடிச்சிடலாமா?"

"மைக் முன்னாடி நில்லுங்க சார்."

'என்னை மன்னிச்சிடுக்கா' என்ற ஒரு வரிக்கு முப்பத்திரண்டு டேக் வாங்கினேன்.

"கெஞ்சல் பத்தலை சார்."

"அழுகை வருது, வருத்தம் வரலை. இன்னொண்ணு."

கண்ணாடிக்குப் பின்னால் டைரக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். கடைசியில் தொண்டை கட்டிப்போய், "போதும் மேடம்" என்றான்.

"ஓகே சார். உங்களுக்கும் நடிப்பு வருது."

அவன் போனபிறகு என் பகுதி. கேள்விகளை ஒரே மூச்சில் பேசி முடித்தேன். பாக்கி ஒரே வரி: 'எழுந்திரு, மன்னிச்சிட்டேன்.' அந்த இடத்தில் நான் கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன், உதடு தெரியாது. டைரக்டர் விரலை அசைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திரையில் அவன் காலடியில் கிடந்தான். படத்தில் இருந்த நான் நடந்து போய்விட்டேன்.

டைரக்டர் விரலை மடக்கிக்கொண்டார். பிறகு, "விடும்மா, இப்படியே இருக்கட்டும். அன்னிக்கு நானும் வாயை மூடிட்டுத்தானே இருந்தேன்" என்றார்.

படம் வெளியான அன்று தங்கை பழையதை லேப்டாப்பிலும் புதியதை டிவியிலும் ஓடவிட்டாள்.

"பழசுல நீ தட்டை வெச்சதும் அவன் சிரிச்சுக்கிட்டே கல்யாணத்துக்குக் கிளம்பறான். இதுல மன்னிப்பே கிடைக்காம போறான். அடப்பாவி! நாற்பது தடவை இவனையாக்கா நல்லவன்னு நினைச்சேன்?"

மூன்றாம் நாள் அவனே போன் செய்தான்.

"ஒரே ஒரு வரி மேடம். நீங்க பேசிக் கொடுத்தா சேர்த்துடலாமாம். எங்க போனாலும், 'உங்க அக்கா மன்னிச்சாங்களா'ன்னுதான் கேக்கறாங்க. நான் என்னதான் சொல்றது?"

"இல்லைன்னு சொல்லுங்க சார்" என்றேன்.