கதிர்காமத்துக்கு ஒரு பிளக்

மாலை போட்டால் கோபப்படக் கூடாது என்று எவன் சட்டம் போட்டானோ, அவனை ஒருநாள் நேரில் பார்த்துப் பேச வேண்டும். கோபப்படாமல்தான்.

நானும் அப்பாவும் கதிர்காமத்துக்கு மாலை போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. மதுரையில் விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, கிழக்குக் கரைக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியாக முருகன் கோயிலுக்கு நடக்க வேண்டும். அப்பா உடையப்பன் பழனிக்கு வருசம் தவறாமல் நடக்கிறவர். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் முடித்ததும் நான்தான், முதலில் பாஸ்போர்ட் எடுத்ததும் நான்தான். அடுத்ததை அவருக்கு எடுத்தேன். பக்கத்தில் இருக்கிற பழனி முருகன் பத்தாதா என்று ஊரில் ஆளாளுக்குக் கேட்டார்கள். வினிதாவுக்கு, அதாவது எனக்கு, மாப்பிள்ளை பார்க்காமல் காட்டுக்குள் எதற்கு நடக்க விடுகிறாய் என்று அம்மாவிடம் கேட்டார்கள். அவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டிய பதிலை மாலையின் பேரால் முழுங்கி வைத்திருந்தேன்.

அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர்வண்டியில் வேலை பார்த்த காது. கம்ப்ரஸர் சத்தம் வருசக்கணக்கில் அடித்து அடித்து, கொஞ்சம்தான் மிச்சம் வைத்தது. வேலைக்குச் சேர்ந்ததும் நான் வாங்கிக் கொடுத்த காது மெஷின் ரெண்டும், சின்னப் பெட்டிக்குள் உட்கார்ந்து ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறினால்தான் மறுநாள் உழைக்கும்.

போன தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும்போது ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு அன்னதானப் பந்தலில் படுத்தோம். பந்தலுக்கே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். வாழைத்தார் மாதிரி அதில் போன்கள் தொங்கின. யாரோ ஒரு சாமி, பாட்டுக் கேட்கிற இயர்போன் பெட்டி என்று நினைத்து, அப்பாவுடையதைப் பிடுங்கிவிட்டுத் தன் போனைச் செருகிக்கொண்டார். மறுநாள் பாதி வழியில் மெஷின் ரெண்டும் செத்துப்போயின. பின்னால் வந்த லாரி அடித்த ஹாரன் சுற்றுவட்டாரத்துக்கே கேட்டது, அப்பாவுக்குக் கேட்கவில்லை. நான் பிடித்து இழுத்ததில் ரெண்டு பேரும் புளியமரத்தடியில் போய் விழுந்தோம்.

அதனால்தான் இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டார். அந்த நாட்டில் தினமும் காது வேலை செய்யும் என்று காட்டினால் வருவார். இல்லையென்றால் நான் மட்டும் போக வேண்டியதுதான். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

"நடுவுல எங்கயாச்சும் கத்துனேன்னா, மாலையக் கழட்டி உன் கையில குடுத்துருவேன், சாமி."

மாலை போட்ட பிறகு அவர் எனக்குச் சாமி, நான் அவருக்குச் சாமி. எதிரில் வருகிறவர்களும் சாமிதான். எங்கள் குழு வழக்கப்படி, யாரிடம் கோபப்பட்டாலும் அவர் முன்னால் நின்று தோப்புக்கரணம் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் போட்டதே போதும் என்று நான் ரொம்பக் கவனமாக இருந்தேன்.

இப்படியான நிலையில்தான் பச்சைத் துணியும் மாலையுமாகத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற ராஜ்கமல் மொபைல் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் பேரும் ராஜ்கமல்தான். இலங்கையில் பழைய மடங்களில் பிளக் செருக நம்மூர் மாதிரி உருண்டை ஓட்டை, புதுக் கட்டடங்களில் மூணு சதுர ஓட்டை என்று, யாத்திரைக் குழுவை நடத்துகிற மட்டக்களப்பு அக்கா போட்டோவே அனுப்பியிருந்தார். காட்டுக்குள் கரண்டே கிடையாது. அதற்கு பவர் பேங்க் வேண்டும். அதையும் சார்ஜ் போட முதலில் சதுரப் பிளக்.

போட்டோவை ராஜ்கமல் பார்க்கவே இல்லை. நூத்தம்பது நாட்டுக்கு ஒரே பிளக் என்று செங்கல் கணக்காக ஒன்றை எடுத்து வைத்தார். பக்கவாட்டில் தள்ளினால் ஒவ்வொரு நாட்டுக் காலும் வெளியே வந்தது. அப்பாவுக்குப் பிடித்துப்போனது. அமெரிக்காவைத் தள்ளினார், ஆஸ்திரேலியாவைத் தள்ளினார். ராஜ்கமல் குனிந்து அவர் காதுக்குள், "நல்ல பீஸ் ஐயா" என்று கத்த, மெஷின் ரெண்டும் கீச்சென்று விசில் அடித்தன. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "மெதுவாச் சொன்னாலே சாமிக்குக் கேக்கும், சாமி" என்றேன்.

போட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றேன். எல்லா நாட்டுக் காலும் நுழைகிற எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்று கடையில் இருந்தது. அப்பா மெஷின்களைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியைச் சார்ஜரில் மாட்டி, சார்ஜரைச் செங்கலில் மாட்டி, செங்கலைப் போர்டில் செருகினோம். பச்சை விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. கனம் தாங்காமல் செங்கல் தலையைத் தொங்கப் போட்டது.

ராஜ்கமல் ஒரு விரலால் அதைத் தூக்கிப் பிடித்தார். லேசாக இப்படி அமுக்கிக்கொண்டால் போதும் என்றார். ராத்திரி முழுக்கவா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, சாமி கும்பிடத்தானே போறாரு, கேக்குறதுக்கு அங்க என்ன இருக்கு, பெருசுக்குப் பழனியே போதும்க்கா என்றார்.

அப்பாவைப் பார்த்தேன். காதில் மெஷின் இல்லை. கைகட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்த முகமாக நின்றார். இவருக்குத்தான் இப்போது ஒன்றும் கேட்காதே.

ஒரு வாரத்துக் கோபமும் அவிழ்ந்தது.

"கேக்குறதுக்கு என்ன இருக்கா? உங்க தெருக் குழாய்ல தண்ணி வருதுல்ல, அது எவரு காதக் குடுத்து எடுத்ததுன்னு தெரியுமாய்யா? காட்டுல மயில் கத்துறத அவரு கேக்கணும். கூட நடக்குறவுக அரோகரா போடுறதக் கேக்கணும். நான் பேசுறதக் கேக்கணும். ஆடுற டப்பாவக் குடுத்துட்டு அமுக்கிக்கங்கிற, கதிர்காமத்துக்கு நீயா வந்து அமுக்குவ?"

வாசலில் டீ குடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராஜ்கமல் விரலை எடுத்தார். செங்கல் கழன்று கீழே விழுந்தது.

குனிந்து கவுன்டருக்கு அடியில் இருந்து வேறொன்றை எடுத்தார். கையடக்கமான வெள்ளைப் பிளக். பின்பக்கம் மூணு சதுரக் கால், முன்பக்கம் நம்மூர் ஓட்டை. செருகியதும் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது. ஆட்டிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். பச்சை விளக்கு அசையவில்லை. இதை முதலிலேயே கொடுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.

அப்பா மெஷின்களை எடுத்துக் காதில் வைத்தார். "செத்த நேரத்துல இங்க என்ன சாமி நடந்துச்சு?" என்று கேட்டார்.

சும்மா விலை பேசிக்கொண்டிருந்தோம் என்று ராஜ்கமல் முந்திக்கொண்டார். எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

அப்பா தலையை ஆட்டினார். "போர்வண்டி ஓடுறப்ப எவன் பேச்சு எவனுக்குக் கேக்கும்? வாயப் பாத்துத்தான சாமி அம்புட்டு வருசமும் வேல பாத்தோம்."

இது எனக்குத் தெரியாத சங்கதியா? அவர் வாயசைவைப் படிப்பார் என்று தெரிந்துதான் சின்ன வயதில் முதுகைக் காட்டிக்கொண்டு முனகுவேன். கோபத்தில் எல்லாம் மறந்துபோயிருக்கிறது. அவர் கை கழுத்து மாலைக்குப் போனது.

மணியை லேசாக உருட்டிக்கொண்டே சொன்னார்.

"எனக்காக நீ எங்கெங்கயோ கத்தியிருக்க. எல்லாத்தையும் பாத்துருக்கேன், ஒருக்காக்கூடக் காதால கேட்டதில்ல. அதையே இப்பக் கத்தாமச் சொல்லு சாமி. கேக்குறேன்."

சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சாமி போட்டு, தெருக் குழாயில் ஆரம்பித்து மயில் வரைக்கும் மெதுவாகச் சொன்னேன். கத்தியபோது வராத அழுகை மயில்கிட்ட வந்தது. அப்பா ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டு, ராஜ்கமலைப் பார்த்தார்.

"இந்த வெள்ளப் பிளக்கே இருக்கட்டும். காட்டுக்கு பவர் பேங்க் ஒண்ணு வேணுமே, நல்லதா இருக்கா சாமி?"

பிறகு என்னிடம் திரும்பி, சாமி தோப்புக்கரணம் போடலாம் என்றார்.

காதைப் பிடித்தேன். ராஜ்கமல் பதறிப்போய்க் கவுன்டரை விட்டு வெளியே வந்தார். ஒரு பொம்பளப் பிள்ளை தன் முன்னால் தோப்புக்கரணம் போட்டால் வியாபாரம் விளங்காது, வேண்டாம் என்றார். குழு வழக்கத்தை மாற்ற முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். அப்படியென்றால் பெரியவரைப் பற்றித் தப்பாகப் பேசியது நான்தானே என்று ராஜ்கமலும் காதைப் பிடித்தார். நான் எழுந்தால் அவர் உட்கார்ந்தார், அவர் எழுந்தால் நான் உட்கார்ந்தேன். டீக்கடைக் கூட்டம் எண்ண ஆரம்பித்துவிட்டது. ராஜ்கமலின் முட்டி சடக் சடக்கென்று சொடக்குப் போட்டது.

அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.