டீட்டர் வீட்டு வாசல்

அப்பாவின் சவப்பெட்டி வெளியே வர வழி வேண்டுமே என்று லோயிஸ், பனியை அள்ளித் தள்ள அவர் வைத்திருந்த தகரப் பனிவாரியோடு வாசலுக்கு வந்தாள். வந்தவளின் கால் தானாகத் தெருவைக் கடந்து எதிர்வீட்டு டீட்டரின் படியில் போய் நின்றது. அப்பா லைமன் எப்போது பனி பெய்தாலும் முதலில் அங்கேதான் வாருவார். சொந்த வாசல் பிறகு. ஏன் என்று கேட்டால் மூக்கைச் சிந்துவார்.

"அதை அங்கேயே போட்டுட்டு உள்ள வா!" என்று இவர்கள் வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டார் கிளிஃபோர்ட் சித்தப்பா. வக்கீல். ரொட்டிக்கு வெண்ணெய் கேட்பதையும் ஜூரிகளிடம் கேட்பதுபோல்தான் கேட்பார்.

பனிவாரியை டீட்டரின் வேலியில் சாய்த்துவிட்டு அவள் சமையலறைக்கு வந்தாள்.

"உங்கம்மா முந்தி டீட்டர் பெண்டாட்டிங்கிறது ஊருக்கே தெரியும்," சித்தப்பா தொண்டையைச் செருமினார். "பெண்டாட்டி மனசைக் கலைச்சுட்டான்னு அவன் உங்கப்பா மேல வழக்குப் போடக் கிளம்பினான். வேண்டாம்ப்பா, நீ இருக்கிற வரைக்கும் உன் வாசல் பனியை நான் வாருறேன்னு லைமன் கையெழுத்துப் போட்டான். அந்த மாதிரி வழக்கையே சட்டசபை அதுக்கு முந்தியே ஒழிச்சுடுச்சு! வழக்கே இல்லாதப்போ சமாதானம் ஏது? அந்த ஒப்பந்தம் செல்லாது!"

"அப்பாவுக்கு அது தெரியுமா?"

"நான்தான் சொன்னேன். ஃபீஸ்கூட வாங்கலை." அந்தத் தியாகத்துக்காக ஒரு கணம் மௌனம் காத்தார்.

கறுப்புக் கையுறையோடு உட்கார்ந்திருந்த அம்மா ஆர்டிஸ், "நீங்க சொல்லிட்டுப் போனதும் எழுந்து போய் வாரிட்டு வந்தார்," என்றாள்.

"பைத்தியக்காரன். டீட்டராவது வேண்டாம்னு சொன்னானா பாரு!"

"அவரும் சொன்னாரே. செல்லாதாம், விட்டுடு லைமன்னு."

லோயிஸ் அம்மா பக்கம் திரும்பினாள். "ரெண்டு பேருக்கும் தெரியுமா? அப்புறம் எதுக்கும்மா இத்தனை வருஷம்? உனக்காகவா? இல்ல, அவருக்குப் பயந்தா?"

அம்மா கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினாள்.

வெளியே தகரம் கல்லில் உரசும் சத்தம். லோயிஸ் ஜன்னல் திரையை விலக்கினாள். சாவுக்குப் போடும் கறுப்புக் கோட்டில் டீட்டர், விறைத்த ஒரு காலை இழுத்துக்கொண்டு, லைமனின் பனிவாரியால் இவர்கள் வீட்டுப் படியிலிருந்து வாரிக்கொண்டிருந்தார். எதிரே அவர் வாசல் பனி மூடிக் கிடந்தது. லோயிஸின் தடமும் அவர் காலை இழுத்து நடந்து வந்த தடமும் மட்டும்.

"இவனுக்கு என்ன கடமை? எந்தச் சட்டத்துல..." சித்தப்பா விரலை உயர்த்தினார். கேட்க ஆளில்லை.

அம்மா எழுந்து, ஜன்னல் வழியே டீட்டரைப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து இன்னொரு கோப்பையை எடுத்தாள். காப்பி ஊற்றி, யாரையும் கேட்காமல் இரண்டு கட்டிச் சர்க்கரை போட்டுக் கலக்கினாள்.