சுப்பையன் வெட்டிய மடை

பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுக் குசுகுசுவென்று பேசத் தொடங்கியதும், ஏதோ சிக்கல் என்று அன்னபூரணிக்குப் பட்டது. கணவன் சுப்பையனின் தலைமாட்டை விட்டு அவள் எழவில்லை. பக்கத்து வயல்காரன் நவநீதன்தான் தயங்கித் தயங்கி வந்து சொன்னான். சுடுகாட்டுக்குப் போக அவர்கள் வயல்வரப்பை விட்டால் வேறு வழி கிடையாது. தேங்கிய மழைத் தண்ணீர் வடிகாலுக்கு ஓட, சுப்பையன் நேற்று மடை வெட்டியது அந்த வரப்பில்தான். இரண்டு முழம் வெட்டியது ராத்திரிக்குள் அரித்து ஆள் நீளம் ஆகிவிட்டது. மணல் மூட்டை போட்டு அடைத்தால்தான் பாடை தாண்டுமாம்.

இந்தப் போகம் அவர்களை லேசில் விடவில்லை. ஆற்றுத் தண்ணீர் அவர்கள் ஊரான போலகம் வந்து சேரவே தாமதம். விதைத்தது கார்த்திகை மழையில் அழுகியது. திருநள்ளாறு பக்கம் அலைந்து நாற்று வாங்கி மறுபடி நட்டார்கள். அது பால் பிடிக்கும் நேரம் பார்த்து, மாசி பிறந்த பிறகும் பாழாய்ப்போன மழை கொட்டித் தீர்த்தது. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்த மூன்று மா நிலத்துப் பயிர்தான் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம்.

நேற்றுக் காலையில் சுப்பையன், "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு பூரணி, நாளைக்கி வெட்டிக்கலாம்" என்றார்.

"நாளைக்கி அமாவாசை. கடல் பொங்கி உப்புத்தண்ணி வடிகால்ல ஏறிட்டா அப்பறம் எங்கேர்ந்து வடியும்?" என்றாள்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனவரை, மதியம் நவநீதன் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். காலையில் பேசியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்லி அழ? தன் வாய்தான் எமனாகப் போயிற்று என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

"அடைக்க வேணாம் தம்பி" என்றாள் இப்போது.

நாத்தனார் காசியம்மா ஒப்பாரியை நிறுத்தினாள். "எந்தம்பி பொணமாக் கெடக்கான், ஒனக்குப் பயிரு பெருசாப் போச்சா?"

கூடியிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"வயல்ல எறங்கிச் சுத்திப் போவட்டும்" என்றாள் அன்னபூரணி.

"பயிரு மிதிபட்டுப் போவும் அண்ணி" என்றான் நவநீதன்.

"மிதிபடட்டும். அது அவரு வெட்டுன மடை. வேற யாரும் கை வைக்க வேணாம்."



தெருமுனையோடு பெண்கள் நின்றுகொண்டார்கள். அங்கிருந்து பார்த்தபோது பாடை ஒரு பக்கம் சாய்ந்து, பயிருக்குள் இறங்கி, மறுபடி வரப்பேறிப் போவது தெரிந்தது.

ஆண்கள் திரும்பி வந்து குளித்துக் கலைந்தார்கள். அழுத களைப்பில் காசியம்மா கண்ணயர்ந்துவிட்டாள். பொழுது சாயும் நேரம், புருஷனை எரித்த அன்றே வாசல் தாண்டினாள் என்று ஊர் பேசும் என்பது தெரிந்தும் அன்னபூரணி வயலுக்கு நடந்தாள்.

தண்ணீர் வடிந்து கதிர்கள் ஒரு சாண் வெளியே தெரிந்தன. ஆட்கள் போன இடத்தில் பயிர் படுத்துக் கிடந்தது. கடல் ஏற ஏற வடிகாலில் ஓட்டம் அடங்கி, தண்ணீர் மேற்கே, வயல் பக்கம் திரும்பப் பார்த்தது. அவர் ஊன்றிய இடத்திலேயே மண்வெட்டி நின்றது. அடைக்கும்போது எப்போதும் அவர் மடைக்குள் நிற்பார், இவள் மண் வெட்டிக் கொடுப்பாள்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஒரு கட்டி வெட்டி, பழக்கத்தில் மடைப் பக்கம் நீட்டினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, தானே தண்ணீரில் இறங்கினாள்.