ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில்

தங்கை ருக்கு ஐந்தாவது பாஸ் செய்த அன்று அம்மா அவளிடம், "இனிமே தம்பியை நீ பாத்துக்க. ராஜாத்தி என்கூட வேலைக்கு வரட்டும்" என்றாள். ருக்கு சரி என்றாள். அவளுக்குப் பத்து வயது. ராஜாத்தி நான்; எனக்குப் பதினான்கு முடிந்திருந்தது. நான் ஏழாவதில் நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. படிப்பு ஏறவில்லை என்று சொல்லி நின்றேன். யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

டில்லியில் எங்கள் மதராசி கேம்ப்பில் அம்மாக்கள் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஜங்புராவில் வீட்டுக்காரர்கள் ஆபீஸ் போவதற்குள் பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைத்தாக வேண்டும். பெண்கள் பள்ளி காலை ஏழு மணிக்கு. அதே கட்டடத்தில் பையன்களுக்கு மத்தியானம் ஒரு மணிக்கு. அதற்குள் அம்மாக்கள் திரும்பிவிடுவார்கள். அதனால் கேம்ப்பில் பையன்கள் படித்தார்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பெண் நின்றாள். சின்னக் குழந்தைகளுக்கு நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் ஒரு பால்வாடி இருந்தது. காமாக்ஷி டீச்சர் கரோல்பாக்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும் என்பதால் அது ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்.

ஒவ்வொரு ஜூனிலும் யாராவது ஃபாரத்தோடு வருவார்கள். பெண் ஏன் பள்ளிக்கு வரவில்லை? அதில் மூன்று கட்டங்கள்: வறுமை, கல்யாணம், ஆர்வமில்லை. என் பெயருக்கு நேரே ஆர்வமில்லை என்று டிக் போட்டிருந்தார்கள். அதை நான் எதிரே நின்று தலைகீழாகப் படித்தேன்.

அந்த வருடம், 1983இல், புதிதாக வந்த அதிகாரி மேடம் ஞாயிற்றுக்கிழமை தானே கேம்ப்புக்கு வந்து கேட்பதாகச் சொல்லி அனுப்பினார். பள்ளிக்கும் பால்வாடிக்கும் அவர்தான் பொறுப்பு. எழுதியும் கொடுக்கலாம் என்றார்கள்.

நான் ஹிந்தியில் எழுதினேன். பள்ளியில் படித்தது அதுதான். அரைப் பக்கம்கூட வரவில்லை. பால்வாடியின் சாவியை வடிவு என்பவரிடம் கொடுக்க வேண்டும். இடுப்பு வலியால் வீட்டு வேலையை விட்டவர், பால்வாடிக்குப் பக்கத்துக் குடிசையில் இருக்கிறார். அவர் ஐந்தரைக்குத் திறந்து, டீச்சர் வரும்வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். அவருக்கு உண்டானதை அம்மாக்கள் கொடுப்பார்கள். மூன்று மாதம் நடத்திப் பார்க்கலாம். சரிவராவிட்டால் சாவியைத் திருப்பித் தருகிறோம். இதனால் பதினோரு பெண்கள் பள்ளிக்குப் போக முடியும். கீழே பதினோரு பெயர்கள் எழுதினேன். ருக்குவின் பெயரைக் கடைசியில் போட்டேன்.

அம்மா வேலை செய்யும் வீடுகளில் ஒன்று சிவஞானம் சாருடையது. சாஸ்திரி பவனில் செக்‌ஷன் ஆபீசர். அம்மாவுக்கு உதவப் போன ஒருநாள் அவரிடம் காகிதத்தை நீட்டினேன். நீட்டியதும் ஏன் நீட்டினோம் என்று இருந்தது. அவர் காபியை வைத்துவிட்டுப் படித்தார்.

"யார் எழுதினது? நீயா? என் கீழ இருக்கற அசிஸ்டெண்டுக்கு இப்படி எழுத வராது. யாரு செய்யணும், எப்போ செய்யணும், எவ்வளவு நாளைக்கு, எல்லாம் இருக்கு."

நான் தலையை ஆட்டினேன்.

"ஆனா இது ஃபைல்ல போய்ப் படுத்துக்கும்."

"ஏன் சார்?"

"இதைப் படிக்கிற மேடத்துக்கு மனசுல ஒண்ணும் ஆகலையே. ஒரு கேஸ் வேணும்மா. இன்ன தேதி, இன்ன ஆளு, இது நடந்துது. ஒண்ணு போதும். அதைப் பின்னாடி வச்சுத் தை."

சமையலறையிலிருந்து அவர் மனைவி லீலாவதி அம்மா குரல் கொடுத்தார். "அந்தப் பொண்ணு பாத்திரம் தேய்க்க வந்திருக்கு. உங்க ஆபீசை ஆபீஸ்லயே விட்டுட்டு வரமாட்டீங்களா? வந்து இந்த கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைங்க."

என்னிடம் ஒன்று இருந்தது. அன்று சாயங்காலமே எழுதினேன். பெயர் போடவில்லை.

1981 டிசம்பர் பதினான்கு, திங்கள்கிழமை. ஏழாவது படிக்கும் ஒரு பெண். அரைப்பரீட்சை எட்டு மணிக்கு. அம்மா வேலைக்குப் போய்விட்டாள். அப்பா பூச்சு வேலைக்கும் தங்கை பள்ளிக்கும் போய்விட்டார்கள். பத்து மாதத் தம்பியின் காலில் பழைய புடவைக் கிழிசலைக் கட்டி, மறுமுனையைக் கயிற்றுக் கட்டிலின் காலில் கட்டினாள். கேம்ப்பில் எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்கள். ஸ்டவ்வை அணைத்திருந்தாள். ஆனால் அப்போதுதான் வடித்த கஞ்சி, மூடிய குண்டானில், கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. குழந்தை இழுத்ததில் கட்டிலும் சேர்ந்து நகர்ந்திருக்கிறது. பத்தேகாலுக்கு அவள் திரும்பியபோது குழந்தை அழுது முடித்துத் தூங்கியிருந்தது. வலது கை கஞ்சியில் வெந்திருந்தது. பதினோரு மணிக்கு அம்மா வந்தாள். குழாயடிக்குப் போயிருந்தேன், அதற்குள் இப்படி ஆகிவிட்டது என்று அந்தப் பெண் சொன்னாள். இப்போது குழந்தைக்கு இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பால்வாடி அன்றும் ஒன்பது மணிக்குத்தான் திறந்தது.

குழாயடி வரியை முதலில் எழுதவில்லை. பிறகு எழுதினேன். அது இல்லாமல் கதை பாதியில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பால்வாடியில் முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். லூ என்கிற அனல்காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அம்மா முன்வரிசையில், மடியில் தம்பி. அவனுக்கு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றேன்.

பெண்களை ஏன் அனுப்புவதில்லை என்று மேடம் கேட்டார். வடிவக்கா தனக்குத் தெரிந்த ஹிந்தியில், "மேம் சாப், நாங்க கிளம்பறப்ப உங்க ஸ்கூல் வாட்ச்மேனே முழிச்சிருக்க மாட்டான். அவனை எழுப்பி, இந்தா புள்ளையைப் புடின்னு குடுத்துட்டுப் போறதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் கொஞ்சம் சிரித்தார். பிறகு என் காகிதத்தை எடுத்தார்.

முதல் தாளைச் சீக்கிரம் படித்தார். இரண்டாவது தாளை இரண்டு முறை படித்தார்.

"சாவியை வெளியாள் கையில கொடுக்கறது ரூல்ல இல்லே மேடம்" என்றார் காமாக்ஷி டீச்சர்.

மேடம் தாளை உயர்த்திப் பிடித்து, "இந்தப் பெண் யார்? பெயரே இல்லையே" என்று கேட்டார். "மனுவில் எல்லோரும் கதை எழுதுகிறார்கள். நடந்தது என்றால் ரூலை மீறி நானே உத்தரவு போடுவேன். ஆள் இல்லை என்றால் முடியாது."

படித்ததை அவர் சுருக்கி உரக்கச் சொன்னார். அம்மாவுக்குத் தெரிந்த ஹிந்தி நாலு வீட்டில் கற்ற ஹிந்திதான். ஆனால் இந்தக் கதையில் இருந்தவையெல்லாம் வீட்டுச் சொற்கள். பச்சா, சார்பாய், கர்ம் மாண்ட், ஹாத்: குழந்தை, கட்டில், சூடான கஞ்சி, கை. அம்மாவின் அட்டை நின்றது.

ருக்கு வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அட்மிஷனுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"நான்தான்" என்றேன்.  இரண்டாம் முறை உரக்கச் சொன்னேன். "குழந்தை அங்கே இருக்கிறது" என்றும் சொன்னேன்.

மேடம் எழுந்து அம்மாவிடம் போனார். அம்மா தம்பியின் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவன் பிஸ்கட் கொடுக்க வருகிறார் என்று நினைத்தானோ என்னவோ, கையை உருவி நீட்டினான். மேடம் அதைப் பிடித்துப் பார்த்தார். பிறகு நாற்காலிக்குத் திரும்பி, என் முதல் தாளின் ஓரத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஜூலை பதினெட்டு முதல். மூன்று மாதம்" என்றார்.

பெண்கள் என்னைச் சுற்றி வந்து பேசினார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று நினைவில்லை. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டாள்.

வீட்டுக்குப் போனபோது சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அம்மா எனக்கும் தட்டு வைத்தாள். அப்பாவிடம் அவள் சொன்னாளா என்று தெரியாது. அவரும் கேட்கவில்லை. அழுகை வரும் என்று நாலைந்து நாள் பார்த்தேன். வரவில்லை. தண்ணீர் பிடித்தேன், துணி துவைத்தேன். வேலைக்குக் கிளம்பும்போது அம்மா "வா" என்பாள். திரும்பும்போது "போலாம்" என்பாள். அவ்வளவுதான்.

ருக்குவுக்கு ஆறாவதில் இடம் கிடைத்தது. யூனிஃபார்ம் லீலாவதி அம்மா வீட்டுப் பெண்ணுடையது. இடுப்பில் ஊக்கு குத்திக் கொடுத்தேன். "அக்கா, நீயும் வரலாமில்ல?" என்று கேட்டாள். நேராக நில் என்றேன்.

பதினெட்டாம் தேதி காலை மழைத் தூறல். வடிவக்கா ஐந்தரைக்குத் திறந்து வைத்துவிட்டார். ஒன்பது குழந்தைகள் வந்தன. யார் கொண்டுவந்து விடுகிறார்கள், யார் கூட்டிப் போவார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும், மேடத்தின் உத்தரவு. வடிவக்காவுக்கு எழுத வராது. நான் உட்கார்ந்து எழுதினேன்.

எங்கள் முறை வந்தது. "செல்லம்மா, உன் புள்ளையை யாரு விடுவாங்க?" என்று அம்மாவிடம் கேட்டார் வடிவக்கா.

"ருக்கு. ஸ்கூலுக்குப் போறப்ப விட்டுடுவா."

"கூட்டிட்டுப் போறது?"

"நான்."

"ஏன்டி, நீ கடைசி வீட்டை முடிச்சுட்டு வர்றதுக்குள்ள இவ வந்துருவாளே. ராஜாத்தின்னு போட்டுடலாம்ல?"

"என் பேரைப் போடச் சொல்லு" என்றாள் அம்மா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. செல்லம்மாள் என்று எழுதினேன். உறவு: தாய்.

தம்பி வடிவக்காவிடம் அழாமல் போனான். ருக்கு பையை மாட்டிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். பள்ளிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வீட்டுக்குப் போகமாட்டேன் என்றாள்.

நானும் அம்மாவும் நடந்தோம். நாலாவில் மழைத்தண்ணீர் ஏறியிருந்தது. ஜங்புரா ரோட்டுக்கு ஏறும் இடத்தில் அம்மா செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டினாள்.

"அன்னிக்கு என்ன பரீட்சை?"

"கணக்கு."

"எத்தனை மணி வரைக்கும்?"

"பத்து."

"முடிச்சதும் வந்தியா?"

ஒன்பதரைக்கே முடித்துவிட்டேன். பிறகு அரைமணி நேரம், எல்லா விடைகளையும் முதலிலிருந்து சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பாக இருக்கவில்லை. அதனால் இன்னொரு தடவை பார்த்தேன்.

"இல்லை. மணி அடிக்கற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்."

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"சரி, நட. நேரமாவுது."