நாலு விரல் தள்ளி ஒரு கோடு

அவர் ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடியை ஸ்கேலால் அளந்து, அளவைப் பேனாவால் இடது உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"தாளுக்கா பஞ்சம்? ஜெராக்ஸ் கடைக்காரர் கையில எழுதிக்கிட்டுப் போனா பாக்கிறவங்க சிரிப்பாங்க," என்றாள் மனைவி.

"தாளை எங்கயாவது வச்சுத் தொலைச்சிடுவேன். கையை எங்க தொலைக்கப்போறேன்?"

"வேர்வையில அழிஞ்சிடும்."

"அழிஞ்சா திரும்பி வந்து கேட்டுக்கிறேன்."

செருப்பை மாட்டியவர் வாசலில் நின்றார். "நான்தான் ஏதோ ஸ்டேப்ளர் பின்னோட தாளை வச்சுக் கண்ணாடியைக் கீறியிருப்பேன்போல. அதுக்குப் போய் உன்மேல எரிஞ்சு விழுந்துட்டேன். மனசுல வச்சுக்காதே."

அவள் யாருடைய சான்றிதழையோ மெஷினில் கவிழ்த்து மூடியை அழுத்தினாள். அது வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. அவர் போன கண்ணாடிக் கடை இருந்த சந்தைத் தெருவில் பன்னிரண்டு அடிப்பதற்குள் குண்டு வெடித்தது.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் அந்தக் கண்ணாடியை அவள் மாற்றவேயில்லை. எந்தத் தாளை வைத்தாலும் நகலில் ஒரு கோடு விழும். இடது ஓரத்திலிருந்து நாலு விரல் தள்ளி, மேலிருந்து கீழாக, மயிரிழைபோல. பாதி வழியில் மீன்முள் மாதிரி ஒரு சின்னக் கிளை. வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தால் கடைக்குத் துணையாக வந்து சேர்ந்த கொழுந்தன் முந்திக்கொள்வான்: "கோடு இனாம், எடுத்துட்டுப் போங்க. எங்க அண்ணன் போட்ட கோடு அது. அழிக்க மாட்டோம்." ஒவ்வொரு முறையும் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். கணவனின் நினைப்பில் கலங்குகிறாள் என்று கொழுந்தன் எண்ணிக்கொள்வான்.

ஒரு மத்தியானம் மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். முன்னால் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். அடுத்து நிலைப்படிக்குக் குனிந்து நுழைந்த நெட்டையான ஒரு வெளிநாட்டுக்காரர். கடைசியில், கடைக்கு வாடிக்கையாக வரும் உள்ளூர் கான்ஸ்டபிள். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவன் மாதிரி அவர் முகத்தில் ஒரு களை.

இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு தாளை மேஜையில் வைத்தார். பாஸ்போர்ட் பக்கத்தின் நகல். "முகத்தையும் பேரையும் மறைச்சிருக்கோம்மா. நீங்க கோட்டை மட்டும் பாருங்க."

அவள் தாளின் ஓரத்தில் நாலு விரலை வைத்தாள். அளவு பொருந்தியது. மீன்முள் கிளையும் இருந்தது. பயம் வருவதற்கு முன்னால் அவளுக்கு வந்தது ஆச்சரியம்தான். "இது எங்க கோடு. எங்கேர்ந்து வந்துச்சு?"

"கடலுக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து. இவங்க ஊர்ல ஒருத்தன் வீடு வாடகைக்கு எடுக்கக் கொடுத்த நகல். வீட்டுக்காரர் அலமாரியில கிடந்துச்சு."

"பாருங்க அண்ணி, நமக்கு முன்னாடி நம்ம கோடு பிளேன் ஏறிடுச்சு," என்றான் கொழுந்தன்.

அந்தத் தாள் திரும்பி வந்த கதையை இன்ஸ்பெக்டர் சொன்னார். கோடு மெஷின் கண்ணாடியில் விழுந்த கீறல் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் இந்த நெட்டை அதிகாரி. ஐந்து நாட்டுப் போலீசுக்குக் கோட்டின் படம் போயிருக்கிறது. எட்டு மாதம் பெரிய நகரங்களின் கடைகளையெல்லாம் சல்லடை போட்டுச் சலித்திருக்கிறார்கள்.

"ஸ்டேஷன் போர்டுல அந்தப் படத்தை ஒட்டினதே நான்தாங்க," என்றார் கான்ஸ்டபிள். "தினமும் அதுக்குக் கீழதான் உக்காந்திருந்தேன். போன வாரம் என் பொண்ணோட ஸ்கூல் சர்டிபிகேட் நகலை வீட்டு அலமாரியிலேர்ந்து எடுத்தா, அதே கோடு!"

இன்ஸ்பெக்டர் அதை மொழிபெயர்த்ததும் நெட்டை அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார்.

இன்ஸ்பெக்டரின் குரல் தணிந்தது. "சந்தைத் தெரு குண்டுல இவனுக்குப் பங்கு இருக்குன்னு சந்தேகம். அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமையே இந்த ஊரைவிட்டுப் போயிட்டேன், அப்புறம் திரும்பி வரவே இல்லைன்னு பஸ் டிக்கெட்டைக் காட்டுறான். பாஸ்போர்ட் என் கையை விட்டுப் போனதே இல்லைன்னும் அவனே சொல்லியிருக்கான். கோடு ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே இருந்திருந்தா, அவன் சொல்றது நிஜமா இருக்கலாம். விட்டுருவாங்க. பின்னாடி விழுந்திருந்தா, அவன் புளுகுறான். கோடு என்னைக்கு விழுந்துச்சும்மா?"

"அண்ணன்தான் கீறினான். என்னைக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றான் கொழுந்தன்.

அவளுக்கு ஏழு வருஷமாக நாக்கு நுனிவரை வந்து திரும்பிப்போன வார்த்தை அது.

"திங்கக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல. யாரோ ஒயிட்னர் காயறதுக்கு முன்னாடி தாளைக் கவுத்துட்டாங்க. கண்ணாடியில ஒட்டிக்கிச்சு. பிளேடு வச்சுச் சுரண்டினேன். நான்தான்."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"சொல்லலைங்க. தான்தான் கீறினோம்னு நினைச்சுக்கிட்டு கண்ணாடி வாங்கப் போனார். அந்தத் தெருவுக்கு."

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

அவள் இழுப்பறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தாள். கடையின் வாடகை ஒப்பந்தத்தின் இரண்டு நகல்கள். அந்தத் திங்கட்கிழமை கையெழுத்தாகி, அன்றைய முத்திரை விழுந்த ஒப்பந்தம் அது. காலையில் வீட்டுக்கென்று எடுத்த நகல் சுத்தமாக இருந்தது. மாலையில் கடைக்கென்று எடுத்ததில் கோடு. இரண்டையும் அவள் பிரித்து வைத்ததே இல்லை.

கொழுந்தன் எழுந்து உள்ளே போனான். அவன் திரும்பி வரும்வரை அவள் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையில் ஸ்குரூ டிரைவரும் துண்டும் இருந்தன.

"கண்ணாடியை இவங்க எடுத்துட்டுப் போவாங்கல்ல. நகருங்க அண்ணி, நான் கழட்டுறேன்."

மறு வருஷம், வீடியோவில் அந்த நாட்டு நீதிமன்றத்துக்கு அவள் அதையே திரும்பச் சொன்னாள். திரையின் மூலையில் குற்றம் சாட்டப்பட்டவன் முகம் தெரிந்தது. அந்தப் பாஸ்போர்ட்டை இவன் கையிலிருந்து வாங்கியது தானா, தன் கணவரா? எவ்வளவு உற்றுப் பார்த்தும் பிடிபடவில்லை. அவனுக்குத் தண்டனை கிடைத்தது. அவளுடைய கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

மெஷினில் இப்போது புதுக் கண்ணாடி. "கோட்டைக் காணோமே?" என்று யாராவது கேட்டால், "அது எங்க அண்ணி போட்ட கோடு, வெளிநாட்டுல இருக்கு," என்கிறான் கொழுந்தன்.

பழைய நகலைக் கொண்டுவந்து மறுநகல் எடுப்பவர்கள் உண்டு. அப்போது புதுக் கண்ணாடியிலும் கோடு விழுகிறது, இடது ஓரத்திலிருந்து நாலு விரல் தள்ளி.