குட்டைக் குழல்

அருள்நாயகத்துக்கு வலது காது கேட்காது. ஊரில் ஷெல் விழுந்த அன்றோடு அது போய்விட்டது. மிச்சமிருந்த இடது காதை வைத்துக்கொண்டு, கனடாவில், ஸ்காபரோவில், எங்கள் மாதா கோயில் தமிழ்ப் பூசையின் பாட்டுக்குழுவை இருபது வருடமாக ஆட்டிப் படைத்தான். முப்பது பேர் சேர்ந்து பாடும்போது மூன்றாம் வரிசையில் யாருக்குச் சுருதி பிசகுகிறது என்று கீபோர்டிலிருந்து நிமிராமலே சொல்லிவிடுவான். அந்த மூன்றாம் வரிசை ஆள் நான்தான்.

மூன்று வருடத்துக்கு முன் பெரிய வியாழனுக்கான ஒத்திகையில் திடீரென்று வாசிப்பை நிற்பாட்டினான். எல்லோருக்கும் முன்னால் தேன் தடவின குரலில் சொன்னான்:

"யேசுரட்ணம் அண்ணை, இந்தமுறை நீங்கள் வாசலில நிண்டு பாட்டுப் புத்தகம் குடுக்கிற பொறுப்பைப் பாருங்கோவன்."

முதல் வரிசையில் நின்ற என் மனைவி றீற்றா தரையைப் பார்த்தாள். அவன் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பித் திட்டிவிட்டுப் போயிருப்பேன். மரியாதையாகச் சொன்னதைத்தான் என்னால் செமிக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு புத்தகம் நீட்டினேன்.

எனக்கென்று மிஞ்சினது வேட்டை மட்டும்தான். ஒவ்வொரு நவம்பரும் இன்னும் இரண்டு பேரோடு வடக்கே போய் மான் சுடுவேன். டிசம்பரில் நத்தார்ப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் அந்த இறைச்சிக் கறியை நானே பரிமாறுவேன். "யேசுரட்ணத்தின்ர மான்" என்று சனம் வரிசையில் நிற்கும். வருடத்தில் அந்த ஒரு மணித்தியாலம்தான் என்னையும் ஒரு ஆளாக மதிப்பார்கள்.

போன வருட நத்தாருக்கு நாயகம் இரண்டு முறை கறி வாங்கித் தின்றுவிட்டு, விரலைச் சூப்பிக்கொண்டே கேட்டான்:

"அண்ணை, நானும் உங்களோட வேட்டைக்கு வரட்டே?"

பாட்டும் அவனுக்கு, மானும் அவனுக்கா என்று என் வயிறு எரிந்தது. வாரும் என்றேன்.

மனுசன் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்சும் எடுத்துவிட்டான். எல்லாம் முதல் தடவையிலேயே. துவக்கு வாங்குவதுதான் பாக்கி. அதற்கு என்னைக் கூட்டிக்கொண்டு அஜக்ஸுக்கு வடக்கே ஒரு கடைக்குப் போனான். "உங்களுக்குத்தான் உது தெரியும், அண்ணை. நீங்கள் சொல்லுறதை நான் எடுக்கிறன்" என்று வழிநெடுகச் சொன்னான்.

அவனுக்குப் பிடித்தது ஒற்றைத் தோட்டாத் துவக்கு. நடுவில் முறித்துத் திறந்து, ஒரு தோட்டாவைப் போட்டு மூட வேண்டும். கடைக்காரக் கிழவன் ஒரே மாதிரியான இரண்டைக் கண்ணாடி மேசையில் வைத்தான். ஒன்றின் குழல் இருபத்துநாலு அங்குலம், மற்றது பதினாறு. நாயகம் நீண்டதைத் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்தான். அவனுடைய உயரத்துக்கு அது அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது.

"நீளமானதையே எடுக்கச் சொல்லுங்கள்" என்றான் கிழவன் ஆங்கிலத்தில். "முன்பாரம் இருப்பதால் ஆடாது. வெடிமருந்தும் குழலுக்குள்ளேயே எரிந்து முடியும். குட்டையில் நெருப்பும் சத்தமும் வாயில் வந்து வெடிக்கும். காதைக் கொன்றுவிடும். வலு உரப்பான ஆட்களுக்கே அது பிடிக்காது."

நல்ல மனிதன். ஆனால் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறவன், நின்றதும் நாயகத்தின் வலது பக்கத்தில். நாயகம் குழலைத் தடவிக்கொண்டே இடது பக்கம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன சொல்லுறார், அண்ணை?"

எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. "ரெண்டும் ஒண்டுதானாம். கூடாரத்துக்குள்ள இருந்து சுடுறதெண்டா சின்னதுதான் சுகமாம். நீட்டு எல்லாத்திலயும் இடிக்குமாம்" என்றேன்.

"அப்ப சின்னதையே எடுப்பம்."

கிழவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். நான் தோளைக் குலுக்கினேன்.

சுட்டுப் பழகும் இடத்தில் எனக்கு ஏமாற்றம்தான். அவன் பஞ்சை அடைத்து, அதற்குமேல் பெரிய காதுக் கவசமும் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி நிதானமாக நின்று சுட்டான். பக்கத்தில் நின்றவர்கள்தான் அந்தச் சத்தத்தில் துள்ளினார்கள். ஐந்து தோட்டாவில் நாலு வட்டத்துக்குள் போனது. திரும்பி வரும்போது காரில் பாட்டு வேறு பாடினான்.

நவம்பர் முதல் கிழமை. பான்கிராஃப்டுக்கு வடக்கே, விடிந்து கொஞ்ச நேரம். மற்ற இரண்டு பேரும் மேட்டுப் பக்கம் போய்விட்டார்கள். நாயகத்தை ஒரு சிறிய துணிக் கூடாரத்துக்குள் இருத்தினேன். சுடுவதற்கென்று அதன் முன்பக்கத்தில் ஒரு ஜன்னல். குட்டைக் குழலின் வாய் அந்த ஜன்னலுக்கு வெளியே எட்டவில்லை, உள்ளேயே நின்றது. இருபத்துநாலு அங்குலமாக இருந்திருந்தால் எட்டியிருக்கும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் குழல் வாய்ப் பக்கம் திரும்பும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அவன் கவசத்தைப் போட்டுக்கொண்டு இருந்தான். நான் அதைத் தூக்கி அவனுடைய இடது காதுக்குள் சொன்னேன்:

"உந்தக் கவசத்தை ஏன் போட்டிருக்கிறீர்? மான் வாறது சருகுச் சத்தத்திலதான் தெரியும். இருக்கிறதே ஒரு காது. அதையும் மூடினா என்னத்தைக் கேக்கப் போறீர்?"

"அதுவும் சரிதான்" என்றான். கவசத்தைக் கழற்றிக் கழுத்தில் விட்டான். பஞ்சையும் எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். என்னைப் பார்த்து நன்றியோடு சிரித்தான்.

சத்தத்துக்குப் பதறிப்போய்த் துவக்கைப் போட்டுவிட்டு ஓடி வருவான், சனத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் கடையில் வைத்து நினைத்தேன். கூடாரத்தை விட்டு நடக்கும்போது அதற்கு மேலேயும் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

எட்டரைக்கு ஒரு வெடி. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. நான் அவசரப்படாமல் நடந்து போனேன். நாயகம் கூடாரத்துக்கு வெளியே நின்றான். நாற்பது யார் தள்ளி எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு கலைமான் விழுந்து கிடந்தது. பதினெட்டு வருட வேட்டையில் நான் அப்படி ஒன்றைச் சுட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

"கெட்டிக்காரன்!" என்றேன்.

அவன் இடது காதைப் பொத்திக்கொண்டு என் வாயைப் பார்த்தான்.

"அண்ணை, மணி அடிக்குது" என்றான். "கோயில் மணி மாதிரி. நிக்குதில்லை."

அது நிற்கவேயில்லை. ஒரு நாள் பார்த்தார்கள், ஒரு கிழமை பார்த்தார்கள். காது டொக்டர் மருந்து கொடுத்தார், பிறகு மெஷின் கொடுத்தார். மெஷினைப் போட்டால் இரைச்சல் கேட்கிறதாம், சுருதி கேட்கவில்லையாம். நாயகம் கீபோர்டுக்கு முன்னால் இருந்து ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துவிட்டு, மூடியைச் சாத்திவிட்டுப் போனான் என்று றீற்றா வந்து சொன்னாள். சொல்லும்போது அழுதாள். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். முழுவதையும் குடித்து முடித்தேன்.

பாட்டுக்குழு றீற்றாவின் கைக்கு வந்தது. அடுத்த ஒத்திகைக்கு நானும் போய் மூன்றாம் வரிசையில் நின்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, பாட்டைத் தொடக்கினாள். புருசனை எந்தப் பெண் வெளியே அனுப்புவாள்?

நத்தார் காலைப் பூசையில் நான் நெஞ்சை நிமிர்த்திப் பாடினேன். சுருதி போனது எனக்கே தெரிந்தது. பக்கத்தில் நின்றவன் நெளிந்தான். நாயகம் முன் வரிசை வாங்கில் உட்கார்ந்து எங்கள் வாய்களைப் பார்த்துக்கொண்டு, தொடையில் தாளம் போட்டான். என் வாயைக் கண்டதும் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

பிறகு மண்டபத்தில் கறி. இந்தமுறை அவனுடைய மான். "நாயகத்தின்ர மான்" என்று சனம் வரிசையில் நின்றது. ஃபோனில் பெரிய எழுத்தில் தட்டி ஒவ்வொருவராக அவனுக்குக் காட்டினார்கள். அவன் வாசித்துவிட்டுக் கும்பிட்டான். காது போயும் அவன்தான் மாப்பிள்ளை. என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. நேரே போய் அவனைக் கட்டிப்பிடித்தேன். வாழ்த்துச் சொல்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டு, அந்தச் செத்த வலது காதுக்குள் ஆற அமரச் சொன்னேன்:

"கடைக்காரன் குட்டைக் குழல் காதைக் கொல்லுமெண்டுதான் சொன்னவன். நான்தான் உமக்கு மாத்திச் சொன்னனான்."

மூன்று வருடமாக அடைத்திருந்தது இறங்கினது போல இருந்தது. கையை எடுத்தேன்.

றீற்றா அவனுக்குப் பின்னால் ரோல்ஸ் தட்டோடு நின்றாள். அவளுடைய காதுகள் இரண்டும் நன்றாகக் கேட்கும்.

"என்ன சொல்லுறார், தங்கச்சி?" என்று நாயகம் அவளைக் கேட்டான். சிரித்தபடிதான் கேட்டான்.

றீற்றா என்னைப் பார்த்தாள். முப்பத்தொரு வருடம் என்னோடு வாழ்ந்தவள். ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்றுதான் நான் நின்றேன். அவள் தட்டை மேசையில் வைத்தாள். கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல், நான் சொன்னதை அப்படியே தட்டி அவனுக்கு முன்னால் நீட்டினாள்.

நாயகம் வாசித்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுவிட்டு இன்னொருமுறை வாசித்தான். பிறகு தலையை நிமிர்த்தி என்னைக் கேட்டான். தன் குரல் இப்போது எவ்வளவு பெரிதாக வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. மண்டபம் முழுவதும் கரண்டியை நிற்பாட்டிவிட்டுத் திரும்பியது.

"அப்ப எத்தினை அங்குலக் குழலை எடுக்கச் சொன்னவன், அண்ணை?"

வாயால் சொன்னால் அவனுக்குக் கேட்காது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை உயர்த்தி முதலில் இரண்டு விரலைக் காட்டினேன். பிறகு நான்கு.