குவைத்துக்காரரின் லாரியை விற்றவள்

ஷஃபிக்கு குவைத்தில் எண்ணெய்க் கம்பெனி வேலை. எண்ணெய் விலை ஏறினால் அங்கே அவருக்கு ஓவர்டைம். மரக்காணத்தில் அவர் வாங்கி விட்டிருந்த டீசல் லாரிக்கு அன்றே வயிற்றில் அடி. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் இந்தச் சம்பாத்தியத்தை எத்தனை வருஷம்தான் பொறுப்பது? மனைவி முபீனா லாரியை விற்றுவிட்டாள். விற்ற பிறகுதான் போனில் சொன்னாள்.

முன்பு கடைகளுக்கு உப்பு பாக்கெட் போட அவள் பேட்டரி லோடு ஆட்டோ வாங்கியபோது, விளையாட்டுச் சாமான் என்று ஷஃபி சிரித்தார். இப்போது பெரிய பேட்டரி லாரியே வாங்கிவிட்டாள் என்றதும் சிரிப்பு நின்றுபோய், லீவு போட்டுப் பறந்து வந்தார்.

"திண்டிவனத்துல வாங்கற பார்ட்டிகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் வந்து வண்டிய எடுத்துக்கறாங்க. உப்புக் காத்துல கரண்டு வண்டியா? ஊரே சிரிக்குது முபீனா."

"ஊரா நமக்கு டீசல் போட்டுத் தருது?"

முபீனாவுக்கு அழுகை முட்டியது. லைசென்ஸ் எடுத்ததும், வண்டிக்குச் சார்ஜ் போட வீட்டுக்குப் பின்னால் த்ரீ ஃபேஸ் லைன் இழுத்ததும் இந்த மனுஷனை ஒருநாள் ஊரோடு கூட்டி வந்துவிடத்தான். அந்த வண்டியைத்தான் அவர் விற்கப் போகிறாராம்.

அப்போதுதான் உப்பளத்து முதலாளி தெய்வசிகாமணி மூச்சிரைக்க வந்து நின்றார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவருடைய சீசன் உப்பு முழுக்கத் திறந்த வெளியில் குவிந்து கிடந்தது. எண்ணெய் விலை ஏறிய கையோடு தட்டுப்பாடும் வந்து, ஈசிஆர் ரோட்டு பங்க்குகளில் டீசல் இல்லை. ஊர் லாரிகள் நின்ற இடத்தில் நின்றன.

"ஏம்மா முபீனா, உன் வண்டிய நானுந்தான் கிண்டல் பண்ணேன். மனசுல வெச்சுக்காத. மழைக்கு முன்ன உப்ப குடோன்ல சேத்துடுவியா?"

"ஏறுங்கண்ணா," என்றாள். பிறகு புருஷனைப் பார்த்து, "நீங்களும் வாங்க. விக்கப்போற வண்டிய ஒருதரம் பாத்துட்டு வித்துடுங்க."

உப்பளத்தில் பெண்கள் கூடை கூடையாகக் கொட்டினார்கள். வண்டி நிறைந்ததும் ஷஃபி பின்பலகையை மாட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் அதைத் தட்டி, "ஸ்டார்ட் பண்ணு, ஸ்டார்ட் பண்ணு!" என்று கத்தினார். இரண்டாவது தட்டு காற்றில் விழுந்தது. கூடை சுமக்கும் ஞானாம்பாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பாய், அது போய்டுச்சி. ஓடிப் புடி!"

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மனிதர் ஓடினார்.

ஈர வரப்பு மேட்டில் பழைய லாரி முக்கி முனகிப் புகை கக்கும். இதுவோ வாயே திறக்காமல் ஏறிப் போனது. ஷஃபி ஜன்னல் வழியே பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த நடையிலிருந்து தானே கூடை தூக்கினார். சாப்பாட்டு வேளையில் வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோனபோது, அவள் இறங்குவதற்குள் சார்ஜர் வயரைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

கடைசி லோடு குடோனுக்குள் நுழையவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. தெய்வசிகாமணி மழையில் நனைந்தபடியே கை தட்டினார். சிரித்தவர்களே வண்டியைச் சூழ்ந்துகொண்டு, "நாளைக்கி எனக்கு," "எனக்கு," என்று முண்டியடித்தார்கள். முபீனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த நேரம் பார்த்து ஷஃபிக்கு குவைத்திலிருந்து சூப்பர்வைசரின் போன். எண்ணெய் விலை எகிறிவிட்டதாம், ஓவர்டைம் கொட்டுகிறதாம், லீவை முடித்துக்கொண்டு உடனே வரவேண்டுமாம்.

"இல்ல சார், இங்கியே வேல கெடச்சிடுச்சி," என்றார் ஷஃபி. "லோடு ஏத்தற வேல. ஓனரம்மா கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்டு."

அடுத்த போன் திண்டிவனத்துக்கு. "வண்டி விக்கறதுக்கில்லப்பா."

முபீனா சிரித்தாள், கண்ணும் நிறைந்தது. சட்டென்று டிரைவர் சீட்டில் ஏறி ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"சீக்கிரம் ஏறுங்க. இது சத்தம் போட்டுட்டுக் கெளம்பாது."